இசக்கியின் பெயரை அழித்த வருஷம்

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். டீ சொல்லியாயிற்று. இந்த பேக்கரியில் தேங்காய் பன் நன்றாக இருக்கும். பப்ஸை மட்டும் தொடாதீர்கள்.

நீங்கள் யார் என்று சொல்லவே வேண்டாம். பெண்ணுக்குத் தாய்மாமன். சரிதானே? மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களின் முகமே தனி. சிரித்துக்கொண்டே நம் சட்டைப் பையைப் பார்ப்பீர்கள், உள்ளே சிகரெட் பாக்கெட் தெரிகிறதா என்று. செக்யூரிட்டி வந்து, "சார், வள்ளியூர்ல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு, இசக்கி சாரைப் பத்திப் பேசணுமாம்" என்றதுமே புரிந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் எத்தனை பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு உங்களை நேராக என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார் பாருங்கள், கடவுள் இருக்கிறார். உங்கள் பக்கம் பெரியவர்களை அண்ணாச்சி என்பார்கள், இல்லையா? நானும் அப்படியே கூப்பிடுகிறேன், அண்ணாச்சி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசக்கிராஜைப் பற்றி நான் பொய்யாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரன் நான், அப்படி வளர்க்கவில்லை என்னை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு அந்தப் பெண்ணை இவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் அக்கா மகள். உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை. எனக்கென்ன வந்தது.

அவன் என்னை முதல் நாளே எப்படிக் கூப்பிட்டான் தெரியுமா? "ஏலே." ஆமாம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, புது முகங்களுக்கு நடுவில் நான் தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், பின்னாலிருந்து, "ஏலே, இங்க வந்து உக்காருலே, தனியா என்ன திங்க?" எங்கள் ஊரில் மாட்டைக்கூட அப்படி விரட்ட மாட்டோம் அண்ணாச்சி. நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் பக்கம் அது சகஜமோ என்னவோ. எனக்கு அன்றைக்கே சுருக்கென்று குத்தியது. அன்றைக்கே முடிவு செய்தேன், இவனோடு ஒட்டக் கூடாது என்று. இன்று வரைக்கும் நான் அவனை வாங்க போங்க என்றுதான் பேசுகிறேன். "சொல்லுங்க இசக்கி", "சாப்டீங்களா இசக்கி." அவன் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அது மரியாதை இல்லை அண்ணாச்சி. விஷம்.

சரி, வேலைக்கு வருகிறேன். நாங்கள் மில்லுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி செய்கிறோம். தறியில் துணி ஓடும்போது மேலே ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது இழை அறுந்தால், ஓட்டை விழுந்தால், உடனே தறியை நிறுத்தும். கேமராவுக்கு உண்டான புரோகிராம் என்னுடையது. பெட்டிக்குள் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டம், அதுவும் எங்கள் கம்பெனி சொந்தமாக எழுதியதுதான். சின்னது, ஆனால் சொந்தம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. உங்களுக்குச் சுலபமாகப் புரியும், நீங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர் என்று செக்யூரிட்டி சொன்னார். முதலாளி நீங்கள், மேஜையில் உட்கார்ந்து எந்த லோடு எந்த ஊருக்கு என்று முடிவு செய்கிறீர்கள். நீங்களே இறங்கிப் போய் ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்தால் புக்கிங்கை யார் பார்ப்பது? அதற்குத்தான் லோடுமேன் வைத்திருக்கிறீர்கள். எங்கிருந்து எடு, எங்கே வை, எத்தனை மூட்டை. மூன்றையும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். முடிந்ததும் அவன் குரல் கொடுப்பான். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு லோடுமேன் உண்டு. டி.எம்.ஏ. என்போம். கேமராவிலிருந்து படத்தை அள்ளி மெமரியில் கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. முதலாளி சிப் அதைத் தொடவே வேண்டாம்.

வம்பு எங்கே வருகிறதென்றால், ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு லோடுமேன். ஒருவனிடம் வாயால் சொன்னால் போதும். இன்னொருவனுக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். இன்னொருவன் ஒரு நடைக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் தொட மாட்டான். முதல் பெட்டியின் லோடுமேனை வேலை வாங்கப் புரோகிராம் எழுதியவன் உங்கள் மாப்பிள்ளை. அப்போது அவசரம், ஆள் கிடையாது, கட்டளைகளுக்கு எல்லாம் தன் பெயரையே வைத்துவிட்டான். இசக்கி எடு, இசக்கி வை, இசக்கி நிறுத்து. விளையாட்டுக்கு வைத்தானாம். அது அப்படியே ஊறிப்போய்விட்டது. என் கேமரா புரோகிராமில் வரிக்கு வரி இசக்கி. மற்றவர்கள் எழுதியதிலும் இசக்கி. புதுப் பெட்டி வந்தால் அதற்கும் அவன்தான் வேண்டும். நான் எழுதிய புரோகிராமை நானே திறந்தால் அவன் பெயர் என்னைப் பார்த்து இளிக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் எழுதியிருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆயுத பூஜைதான் தாங்க முடியவில்லை.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை அன்றைக்குப் புதுப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கேட் முன்னால் பூசணிக்காய் உடைப்போம். அந்த வருஷம் யாருடைய உழைப்பால் பெட்டி ஓடியதோ அவர்தான் உடைக்க வேண்டும். அது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்த வருஷம் கேமராவோடு மல்லுக்கட்டியவன் நான். கண் எரிய எரிய உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். ஆனால் படம் திக்கித் திக்கி வந்தது, அது உண்மை. கடைசியில் இவன் வந்து லோடுமேனைக் கொண்டு படத்தை அள்ளிக் கொடுத்தான், படம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே சாருலதா மேடம், எங்களுக்கெல்லாம் தலைமை அவர்தான், என்ன சொன்னார்? "இசக்கி, இந்த வருஷம் நீங்கதான் உடைக்கணும்."

பூசணிக்காயைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் என்ன செய்தான் தெரியுமா? நேராக என்னிடம் வந்தான். "ஏலே நாகா, இது உன் வேலைலே. நீ உடை." எல்லோர் முன்னாலும்! பிச்சை போடுகிறான் அண்ணாச்சி. நான் கையைக் கட்டிக்கொண்டு, "இருக்கட்டுங்க, உங்களைத்தான கூப்டாங்க, நீங்களே உடைங்க" என்றேன். அவனும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உடைத்தான். உடைத்தே விட்டான். உண்மையான அன்பு இருந்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருக்க மாட்டானா?

அன்றைக்குச் சிதறிய அந்தப் பூசணிக்காய்த் துண்டுகளைப் பார்த்துச் சபதம் எடுத்தேன். அடுத்த ஆயுத பூஜைக்குள் எங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இசக்கி என்ற பெயர் ஒரு வரியில் கூட இருக்கக் கூடாது. அவன் இல்லாமலே எல்லாப் பெட்டியும் ஓட வேண்டும். அவனை யாரும் தேடக் கூடாது.

இருங்கள், ஃபோன்... "சொல்லுங்க. ம். புதுப் பெட்டியா? இல்லைங்க, அதுல மேஸ்திரிகிட்டக் கேட்டா மேஸ்திரியே சொல்லும். தொடாதீங்க, நான் வந்து பாக்கறேன்." எங்கே விட்டேன்?

சபதம். அதற்கு வழி என்ன? மேஸ்திரி. புரிகிறதா? லோடுமேன்களுக்கு மேலே ஒரு மேஸ்திரியை உட்கார வைப்பது. கேமராவோ வேறு எதுவோ, யாரும் இனி லோடுமேனிடம் நேராகப் பேசக் கூடாது. மேஸ்திரியிடம் வந்து, எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று மூன்றை மட்டும் சொன்னால் போதும். எந்தப் பெட்டியில் எந்த லோடுமேன் இருக்கிறான், அவனிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பது மேஸ்திரி கவலை. நாளைக்குப் புதுசாக ஒரு லோடுமேன் வந்தாலும் மேலே ஒருவரும் ஒரு வரி மாற்ற வேண்டாம். எல்லாருக்கும் பொது. எவன் பெயரும் இல்லை.

மேடத்திடம் போய் நின்றேன். "மேடம், ஒரு ஆளை நம்பி ஒரு கம்பெனி இருக்கலாமுங்களா? நாளைக்கு இசக்கிக்குக் காய்ச்சல் வந்தா நம்ம பெட்டிக்கும் காய்ச்சலுங்களா?" நன்றாக யோசித்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுப் போன வசனம் அது. மேடம் பேனாவை வைத்துவிட்டு, "கரெக்ட். இசக்கியும் இதையேதான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கார். யாராவது பொதுவா எழுதணும், நாகாதான் அதுக்குச் சரியான ஆளுன்னு. நீங்களே வந்து கேட்டுட்டீங்க" என்றார்.

முந்திக்கொண்டான் பாருங்கள்! என் மனதில் இருந்ததை எப்படியோ மோப்பம் பிடித்து எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவைத்திருக்கிறான். இப்படிப்பட்ட ஆளை வீட்டுக்குள் விட்டால் உங்கள் குடும்ப விஷயம் ஒன்றாவது அவனிடமிருந்து தப்புமா? யோசியுங்கள்.

வேலையை ஆரம்பித்தேன். அவனிடம் ஒரு சந்தேகம் கேட்பதில்லை என்று வைராக்கியம். ஆனால் விட்டானா? நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவான். "என்னலே முழிக்க? இந்த லோடுமேன் இப்படித்தான், பாத்துக்க..." கேட்காமலே சொல்லுவான். ஒளிக்காமல் சொல்லுவான். ஒவ்வொரு பெட்டியின் குணத்தையும், தான் தடுக்கி விழுந்த இடத்தையெல்லாம் சொல்லுவான். என்னைச் சின்னவன் ஆக்கத்தான், வேறெதற்கு? தன் பிழைப்பையே பிடுங்கப் போகிறவனுக்கு ஒருவன் மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிறான் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அர்த்தம். நான் கேட்டுக்கொண்டேன், எழுதிக்கொண்டேன், "ரொம்ப நன்றிங்க" என்றேன். நன்றியில் எவ்வளவு உப்புப் போட முடியுமோ அவ்வளவு போட்டேன்.

பெயரை அழித்த நாள்! ஆகா, அதைச் சொல்ல வேண்டும். மேஸ்திரி தயாராகிவிட்டது. இனி ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்து இசக்கியை அழித்துவிட்டு மேஸ்திரியை வைக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து, ஆபீஸே பார்க்கட்டும் என்று பெரிய திரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இசக்கி எடு, அழி. இசக்கி வை, அழி. ஒவ்வொரு தட்டுக்கும் எனக்கு நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. அவன் எழுந்து ஓடுவான், முகம் கறுக்கும் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறேன். அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "அந்த ஃபைல்ல இன்னும் ரெண்டு இசக்கி கெடக்கு பாரு. அதோ, மேல. விட்டுட்டியே." அவனே காட்டிக்கொடுக்கிறான்! எனக்கும் கடலை கொடுக்கிறான்! தோற்றவன் அழுகையை மறைப்பதற்கு எப்படியெல்லாம் நடிக்கிறான் பாருங்கள். நான் கடலையை வாங்கவில்லை. அப்புறம் வாங்கினேன், வறுத்த வாசம் வந்தது.

அப்போதுதான் அவன் ஒரு வரியைக் காட்டினான். "நாகா, இந்த வரியை மட்டும் எடுக்காத. பழைய பெட்டி லோடுமேனு ஒரு மாதிரி. கடைசி மூட்டை தோள்ல இருக்கும்போதே முடிஞ்சிருச்சுன்னு கூப்பாடு போட்டுருவான். அதான் நான் கடைசி மூட்டை எறங்கிருச்சான்னு ஒருதரம் போய்ப் பாத்துட்டுத்தான் அவன் சொல்லுததை நம்புவேன்."

பார்த்தேன். ஒரே ஒரு வரி. அதன் தலையிலும் இசக்கி. புரிந்துவிட்டது. வேரை மட்டும் விட்டுவைத்துப் போகப் பார்க்கிறான். இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தால் நாளைக்கு மறுபடி முளைப்பான். "பொதுன்னு வந்தாச்சுங்க இசக்கி. ஒருத்தனுக்கு மட்டும் தனிச் சட்டம் வச்சா அப்புறம் என்னங்க பொது?" என்று சொல்லி, அவன் கண் முன்னாலேயே அழித்தேன். "சரி, பழைய பெட்டியில நல்லா ஓட்டிப் பாத்துக்கலே" என்று மட்டும் சொன்னான்.

ஓட்டிப் பார்த்தேன் அண்ணாச்சி. மேஜையில் ஒரு லுங்கித் துணியை விரித்து, மேலே கேமராவை வைத்து, பழைய பெட்டியில் சாயங்காலம் வரை ஓட்டினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு குறை இல்லை. மேடம் கைகுலுக்கினார். எல்லா மில்லுக்கும் அனுப்பிவிட்டோம்.

அதன் பிறகுதான் சோமனூர்ப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து ஃபோன். துணி ஓட்டையோடு போய்விட்டது, வாங்கினவன் திருப்பி அனுப்பிவிட்டான் என்று. அங்கே இருந்த எங்கள் பழைய பெட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தறியை நிறுத்தவில்லை. என்னையும் இவனையும் போகச் சொன்னார்கள். போனால், மேனேஜர் எங்களைத் திட்டவில்லை. தறிக்குப் பக்கத்தில் துணி பார்க்கிற ஒரு அம்மாவை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். ரங்கநாயகி என்று பெயர். "மிஷின் தப்புப் பண்ணாது. நீதான் தூங்கிட்ட. நாளையில இருந்து வர வேண்டாம்." அந்த அம்மா சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தது. நான் கேமராவைத் துடைத்தேன். கேமராவில் அன்றைக்கு நிறையத் தூசு.

இவன் அந்த அம்மாவிடம் சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டான். தறியை ஓடவிட்டான். ஓடுகிற துணியில் சாக்பீஸால் ஒரு கோட்டைச் சாய்வாக இழுத்துக்கொண்டே போனான். திரையில் பார்க்கிறோம். கோடு விட்டுப்போகாமல் வருகிறது, சில படங்களில் மட்டும் அடி ஓரத்தில் துண்டாகி விலகி நிற்கிறது. அந்த ஓரத்தில் இருப்பது போன படத்தின் துணி. பழைய துணி. கடைசி மூட்டை இறங்குவதற்கு முன்னால் குரல் கொடுத்துவிட்டான் லோடுமேன். ஓட்டை அந்த ஓரத்தில் விழுந்தால் பெட்டிக்குத் தெரியாது. என் மேஜையில் லுங்கி அசையாமல் கிடந்தது இல்லையா, பழைய படமும் புதுப் படமும் ஒன்றுதான். அதனால் எனக்குத் தெரியவில்லை. அது என் தப்பா? லுங்கி ஏன் அண்ணாச்சி அசையப் போகிறது?

மேனேஜர் கேட்டார், "அப்ப யாரு தப்பு இது?" நான் மறுபடி கேமராவைத் துடைக்கப் போனேன். இவன் சொன்னான், "எங்க தப்பு சார். நாங்க ரெண்டு பேரும்தான் இதைச் செஞ்சோம். இந்த அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்களை அனுப்புனீங்கன்னா பெட்டியையும் கழட்டித் தந்துருங்க, நாங்க எடுத்துட்டுப் போயிருதோம்."

கவனித்தீர்களா? "நாங்க." அந்த மேஸ்திரி முழுக்க முழுக்க என் வேலை. நான் தனியாக எழுதியது. அவனுக்கு அதில் ஒரு வரி பாத்தியம் கிடையாது, அந்த ஒரு வரியையும் நான் அழித்தாயிற்று. அப்படி இருக்கும்போது "நாங்க" என்கிறான்! தப்பில்கூட என்னைத் தனியாக விட மனசு வரவில்லை, அதிலும் பங்கு! கிளம்பும்போது, வேலை தப்பிய அந்த ரங்கநாயகி அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தது. முதலில் அவனுக்கு. அப்புறம்தான் எனக்கு. எனக்குக் கொடுத்ததில் கறிவேப்பிலைகூட இல்லை.

ஆபீஸில் மேடம் விசாரித்தார். அங்கே அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "அந்த வரி எதுக்குன்னு நான் பக்கத்துல எழுதி வச்சிருக்கணும் மேடம். எழுதலை. எவன் பாத்தாலும் வேண்டாத வரின்னுதான் நெனைப்பான். என் மேலதான் தப்பு." நான் ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு சாட்சிக்கு என்ன வேலை? உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன் அண்ணாச்சி. தன் வாயாலேயே தப்பை ஒப்புக்கொண்ட ஆள் இவன்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, என் மேஸ்திரி அதற்குப் பிறகுதான் ஜொலித்தது. ஒவ்வொரு லோடுமேனும் வேலைக்குச் சேரும்போதே தன் குணத்தைத் தானே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தேன். நான் அவசரக்காரன், கடைசி மூட்டையைப் போய்ப் பார்த்துக்கொள். நான் ஒரு நடைக்கு இவ்வளவுதான் தூக்குவேன். அதைக் கேட்டுக்கொண்டு மேஸ்திரி அவரவருக்குத் தக்கபடி நடக்கும். மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். பொதுச் சட்டம் அப்படியே இருக்கும், ஆளுக்கு ஆள் உள்ள கோணலுக்கும் அதற்குள்ளேயே இடம் இருக்கும். இதை நான்தான் எழுதினேன். அவன் சும்மா பஸ்ஸில் சோமனூரிலிருந்து வரும்போது வாயால் சொன்னான், அவ்வளவுதான். "எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்குததா பொது? அவனவன் எப்படியோ அப்படியே இருக்கவிட்டு வேலை வாங்குததுலே பொது." வாயால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இரண்டாவது ஆயுத பூஜை வந்தது. நான் எதிர்பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது யார் என்கிறீர்களா? மேடம்தான். இவன் பின்னாலிருந்து, "நாகா, நாகா" என்று கைதட்டிக்கொண்டிருந்தான், அது வேறு. பூசணிக்காய்க்குள் குங்குமம் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தேன். புதுச் சட்டை. வெள்ளை. நான் கொஞ்சம் திரும்பிக்கொண்டு அவன் காலடியில் போட்டு உடைத்தேன். இடுப்பு வரை சிவப்பு! ஒரு வருஷ வஞ்சம் அண்ணாச்சி, ஒரே போடு. அவன் குனிந்து பார்த்தான். துடைத்துக்கொண்டே சிரித்தான். "திருஷ்டி எனக்கும் சேத்துக் கழிஞ்சிருச்சுலே" என்றான். ரோஷம் என்று ஒன்று வேண்டாமா மனுஷனுக்கு?

அன்றிலிருந்து அவனை யாரும் தேடுவதில்லை. புதுப் பெட்டி வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார்கள். முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிடுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் ஏறிவிட்டேன், கூப்பிட்டு இறக்கிவிட்டார்கள். அவ்வளவு மதிப்பு. அவனோ வேண்டாதவன். வேண்டாதவனுக்கு லீவு கேட்டவுடன் கிடைக்கும். முன்னாலெல்லாம் ஒரு நாள் நகர முடியாது அவனால். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் அன்றைக்குக்கூட ஆபீஸில்தான் இருந்தான். இப்போது மாதத்துக்கு ஒரு தரம் ஊர். அப்படிப் போனபோதுதானே உங்கள் வீட்டில் பெண் பார்த்தது? பார்த்தீர்களா, அந்த லீவுகூட நான் அவனுக்குச் செய்த கெடுதலில் வந்தது. எனக்கும்தான் வீட்டில் பெண் பார்க்கிறார்கள். போய்ப் பார்க்கத்தான் நாள் அமையவில்லை.

இருங்கள், மறுபடி ஃபோன்... "தொடாதீங்கன்னு சொன்னனில்லைங்க!"

நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். ஏலே என்று கூப்பிடுகிறவன். ரோஷம் கெட்டவன். தன் வேலையைத் தானே இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்தவன். தப்பை ஒப்புக்கொண்டவன். அவசரப்படாதீர்கள், ஊருக்குப் போய்...

யாருக்கு ஃபோன் செய்கிறீர்கள்? அக்காவுக்கா? சரி, சூட்டோடு சூடாகச் சொல்லிவிடுங்கள், அதுதான் நல்லது.

என்ன அண்ணாச்சி சொல்கிறீர்கள்? "தங்கமான பையன்"? யார்? "கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்"? எதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் இவ்வளவு நேரம்? ஃபோனை வையுங்கள். வையுங்கள் சொல்கிறேன். நான் இத்தனை சொல்லியும்...

என்னது? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், லாரி போகிறது. நீங்கள் செக்யூரிட்டியிடம் என் பெயரைச் சொல்லித்தான் கேட்டீர்களா? என் பெயர் உங்களுக்கு எப்படி... இசக்கியா? இசக்கியா உங்களை என்னிடம் அனுப்பினான்? "என்னைப் பத்தி நல்லதாச் சொல்ல ஆபீஸ்ல நெறையப் பேரு இருக்காங்க மாமா. நாகமாணிக்கத்துகிட்டப் போய்க் கேளுங்க. அவன் ஒண்ணையும் மறைக்க மாட்டான்." அப்படியா சொன்னான்?

அப்படியா சொன்னான்.

கொஞ்சம் அந்தத் தண்ணீரை எடுங்கள்.

இதிலும் ஜெயித்துவிட்டான் பாருங்கள். கடவுள் அனுப்பினார் என்று நினைத்தேன். சரி, இருக்கட்டும். கல்யாணம் எப்போது? தையிலா? அது முடியாது அண்ணாச்சி, தையில் புதுப் பெட்டி வெளியே போகிறது. மேஸ்திரியைப் பற்றித் தெரிந்தவர்கள் ஆபீஸில் நாங்கள் இரண்டே பேர். மாப்பிள்ளை அவன், மணவறையில் இருப்பான். மிச்சம் நான். நான் இங்கே பெட்டியோடு உட்கார்ந்திருக்க, அவன் அங்கே மாலையும் கழுத்துமாக... ஓகோ. ஓகோ! இதற்குத்தானா எல்லாவற்றையும் என் தலையில் கட்டினான்?

விட மாட்டேன். அவன் மட்டும்தான் லீவு போடுவானா? நாளைக்குக் காலையில் முதல் வேலை, ஆபீஸில் இருக்கிற அத்தனை பேரையும் உட்கார வைத்து மேஸ்திரியை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். கேட்காதவனுக்கும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ச் சொல்லுவேன். ஒரு வரி மறைக்க மாட்டேன். எந்த வரி எதற்கென்று பக்கத்திலேயே எழுதியும் வைப்பேன். தைக்குள் என்னையும் எவனும் தேடக் கூடாது. தேடாமல் இருக்கிறார்களா இல்லையா பாருங்கள்.

அவனிடம் சொல்லி வையுங்கள். வள்ளியூருக்கு முந்தின நாளே வந்து இறங்குவேன். முதல் பந்தியில் உட்காருவேன். சாம்பாரில் ஒரு கல் உப்புக் குறைந்தாலும் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவேன். சொல்லும்போதும் வாங்க போங்க என்றுதான் சொல்லுவேன்.